பல்லுக்கு ஒரு மைக்ரோமீட்டர்!



நமது ஆண்டு மலருக்கு மெக்கானிக்கல் துறை சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். ரோபோ பற்றியோ, மின்சார வண்டி பற்றியோ எழுதுவேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் பல்! "பல்லுக்கும் மெக்கானிக்கலுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள், சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று.

இப்போது பல பல் மருத்துவமனைகளில் தடித்த பேனா போன்ற ஒரு கருவியை வாய்க்குள் விட்டு, பல் வரிசை மேல் மெதுவாக நகர்த்துகிறார்கள். பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் நம் பல் வரிசை அப்படியே முப்பரிமாணப் படமாக வளர்ந்துகொண்டே போகிறது. இதற்கு இன்ட்ராஓரல் ஸ்கேனர் என்று பெயர். இது எக்ஸ்ரே அல்ல. வெறும் ஒளியும் கேமராவும்தான். பல்லுக்குக் கேப் போட, பிரிட்ஜ் கட்ட, கம்பி போட, எல்லாவற்றுக்கும் இதில் அளவு எடுக்கலாம்.

இந்த அளவு எந்த அளவுக்குச் சரி? மெட்ராலஜி லேபில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்துப் பழகிய நமக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான். அதைப் பற்றியே இக்கட்டுரை.

பவுண்டரியும் பல் ஆஸ்பத்திரியும்

புதிய முறையைப் பார்க்கும் முன் பழைய முறையைத் தெரிந்துகொள்வோம். ஒரு பல்லுக்குக் கேப் போட வேண்டுமானால் முதலில் அந்தப் பல்லைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்குகிறார்கள். பிறகு ஒரு தட்டில் மாவு போலப் பிசைந்த பொருளை வைத்து வாய்க்குள் அழுத்தி அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் ஜிப்சம் கலவையை ஊற்றினால் பல்லின் நகல் கிடைக்கும். நகலின் மேல் மெழுகில் கேப் செய்து, அதைச் சுற்றி அச்சு மண் போன்ற ஒரு கலவையை ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள்.

நண்பர்களே, இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? பேட்டர்ன், மோல்டு, காஸ்டிங்! கோயமுத்தூர் பவுண்டரிகளில் பம்ப் பாடி வார்க்கும் கதைதான். சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை செய்வதும் இதே மெழுகு வார்ப்பு முறையில்தான். இம்முறையைப் பல் வைத்தியத்தில் பரவச் செய்தவர் அமெரிக்காவின் டாகர்ட் என்ற பல் மருத்துவர், ஆண்டு 1907.

பவுண்டரி வேலை தெரிந்தவர்களுக்குச் சுருக்கம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும் என்பதால் பேட்டர்னையே அந்த அளவு பெரிதாகச் செய்கிறோம். பல் வேலையிலும் ஒவ்வொரு படியிலும் அளவு மாறுகிறது. அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. நம் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கடலோரத்தில் மீனவப் பெண்கள் சேகரிக்கும் பாசிகளில் இந்த வகையும் உண்டு. இந்த அச்சைக் காற்றில் வைத்தால் தண்ணீர் இழந்து சுருங்கும். தண்ணீரில் போட்டால் ஊதும். சிலிக்கோன் அச்சு இதைவிட எவ்வளவோ மேல் என்றாலும் அதுவும் கொஞ்சம் சுருங்கும். ஜிப்சம் இறுகும்போது விரியும். கோபால்ட்-குரோமியம் உலோகம் ஆறும்போது 2 சதவீதத்துக்கும் மேல் சுருங்கும். ஒன்றின் கூடுதல் இன்னொன்றின் குறைவை ஈடுகட்டும்படி பார்த்துப் பார்த்துச் செய்வதுதான் அந்தக் கைத்தொழிலின் திறமை.

ஒரு கணக்குப் போடுவோம். 0.1 சதவீத மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. அகலமுள்ள ஒரு கடைவாய்ப்பல்லில் அது 10 மைக்ரான்தான். தாடையின் ஒரு பக்கக் கடைவாய்ப்பல்லிலிருந்து எதிர்ப்பக்கக் கடைவாய்ப்பல் வரை சுமார் 50 மி.மீ. தூரத்தில் அதுவே 50 மைக்ரான் ஆகிவிடும். அளக்கும் தூரம் கூடக்கூடப் பிழையும் கூடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

எவ்வளவு சரியாக இருந்தால் போதும்?

நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கேப்பின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம்? மெக்லீன், வான் ஃப்ரான்ஹோஃபர் என்ற இருவர் ஐந்தாண்டு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப் போன்ற வேலைகளைப் பார்த்து, 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்று 1971-ல் எழுதினார்கள். இன்றைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்படும் எண் இது. அதாவது இரண்டு முடி தடிமன்கூட இல்லை!

கடிக்கும் பக்கம் இன்னும் கெடுபிடி. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள தாள் இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். சோற்றில் பொடி மணல் ஒன்று பட்டாலும் நறுக்கென்று தெரிகிறதே, அது இதனால்தான். நம் லேபில் உள்ள சாதாரண வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ. அதாவது 20 மைக்ரான். நம் பல் அந்த வெர்னியருக்குச் சமமான கருவி!

இந்த இடைவெளி விவகாரம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஆஸ்பத்திரியோ பேங்கோ எங்கே போனாலும் "நீயே கேளு சாமி" என்று என்னை முன்னால் தள்ளிவிடுவார். சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் அவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்றுக்குக் கேப் போட்டார்கள். பல நாள் கூலி அதற்கே போனது. இரண்டு வருடத்தில் கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே பல் கறுத்துச் சொத்தையாகியிருந்தது. வெளியே பார்த்தால் கேப் பளபளவென்று புதிதாகவே இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

வேறொரு டாக்டரம்மாவிடம் போனபோது அவர் விளக்கினார்: விளிம்பு சரியாகப் பொருந்தாத இடத்தில் உள்ளே ஒட்டியிருக்கும் சிமெண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும்; அந்த இடுக்கில் கிருமி குடியேறும்; பிரஷ் அங்கே எட்டாது. நல்ல வேளை, வேர் மிச்சமிருந்ததால் பல்லைக் காப்பாற்ற முடிந்தது. இந்த முறை அவர் அச்சு எடுக்கவில்லை. ஸ்கேனரை விட்டார். திரையில் அப்பாவின் பல்லைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன்: "ஏனுங்க மேடம், இது எத்தனை மைக்ரானுக்குச் சரியா இருக்குமுங்க?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எத்தனை பல்லுக்குன்னு கேளுங்க தம்பி."

அந்தப் பதில் அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடிப் படித்தபின்தான் புரிந்தது.

ஒளி எப்படி அளக்கிறது?

பல்லை ஒளியால் அளக்கலாம் என்ற யோசனையை 1973-ல் தன் ஆய்வேட்டில் எழுதியவர் பிரான்ஸ் நாட்டின் ஃபிரான்சுவா டூரே. அதை நோயாளியின் நாற்காலி வரை கொண்டுவந்தவர்கள் சுவிட்சர்லாந்தில் இருவர். ஒருவர் வெர்னர் மோர்மன், பல் மருத்துவர். மற்றவர் மார்கோ பிராண்டஸ்டினி, எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர்! இவர்கள் உருவாக்கிய செரெக் என்ற கருவியைக் கொண்டு 1985 செப்டம்பரில் சூரிச் பல்கலைக்கழகத்தில் முதல் நோயாளிக்கு அளவெடுத்து, அங்கேயே பீங்கானைக் கடைந்து பல்லில் பொருத்தினார்கள். அந்தக் காலக் கருவிக்குப் பல் மேல் வெள்ளைப் பொடி தூவ வேண்டியிருந்தது, பளபளப்பு கண்ணைக் கூசாமல் இருக்க. இன்றைய பெரும்பாலான ஸ்கேனர்களுக்குப் பொடி தேவையில்லை.

வேலை செய்யும் தத்துவம் எளிது. ஒரு பக்கத்திலிருந்து ஒளிக்கோடுகளைப் பல்லின் மேல் வீசுகிறார்கள். சற்றுத் தள்ளியுள்ள கேமரா அதைப் பார்க்கிறது. மேடு பள்ளத்துக்குத் தக்கபடி கோடு வளைந்து தெரியும். ஒளி வரும் கோணமும், கேமராவின் கோணமும், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமும் தெரிந்தால் மூன்றாவது புள்ளியைக் கணக்கிட்டுவிடலாம். சர்வேயில் படிக்கும் முக்கோண முறையேதான். வேறு சில ஸ்கேனர்கள் லென்ஸின் குவியம் எந்த ஆழத்தில் கூர்மையாகிறது என்பதைப் பார்த்து ஆழத்தைக் கண்டுபிடிக்கின்றன.

ஸ்கேனரின் நுனி ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பல் அளவு இடத்தைத்தான் பார்க்க முடியும். ஆகவே அது நகர நகர நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒரு படத்தின் ஓரமும் அடுத்த படத்தின் ஓரமும் ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடத்தைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டர் அவற்றைத் தைத்துச் சேர்க்கிறது. இந்தத் தையலில்தான் விஷயமே இருக்கிறது.

துல்லியத்துக்கு இரண்டு முகம்

தையலுக்குப் போகும் முன், துல்லியம் என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். 1994-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 5725 தரநிர்ணயம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று ட்ரூனெஸ்: உண்மை அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பது. மற்றொன்று பிரிசிஷன்: திரும்பத் திரும்ப அளந்தால் அதே அளவு வருகிறதா என்பது.

25 மி.மீ. ஸ்லிப் கேஜை ஜீரோ எரர் உள்ள ஒரு மைக்ரோமீட்டரில் அளக்கிறோம். பத்துத் தடவையும் 25.05 வருகிறது. பிரிசிஷன் பிரமாதம், ட்ரூனெஸ் இல்லை! இன்னொரு கருவியில் 24.96, 25.03, 25.01 என்று வருகிறது. சராசரி சரி; ஆனால் ஒரு தடவை அளந்ததை நம்ப முடியாது. நோயாளியின் வாயில் பெரும்பாலும் ஒரு தடவைதான் அளக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று நம்மை ஏமாற்றும். அது லீஸ்ட் கவுண்ட். டிஜிட்டல் கேலிப்பரில் 0.01 வரை எண் தெரிகிறது என்பதற்காக அது 0.01 மி.மீ. வரை சரி என்று அர்த்தமில்லை. அதேபோல் ஸ்கேனர் திரையில் படம் வழவழவென்று கலரில் அழகாக இருப்பது துல்லியத்துக்குச் சாட்சி ஆகாது. படத்தின் அழகு வேறு, அளவின் உண்மை வேறு.

சோதிப்பது எப்படி? ஒரு மாஸ்டர் மாடலைக் கோஆர்டினேட் மெஷரிங் மெஷினிலோ, அதற்கு இணையான தொழிற்சாலை ஸ்கேனரிலோ முதலில் அளந்துகொள்கிறார்கள். பிறகு வாய் ஸ்கேனரில் அதையே பல தடவை ஸ்கேன் செய்து, இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வித்தியாசம் பார்க்கிறார்கள். இதற்கென்றே 2019-ல் ஐ.எஸ்.ஓ. 20896 என்ற தரநிர்ணயத்தின் முதல் பகுதி வந்தது. மாஸ்டர் மாடலை மெஷினில் வைக்கலாம். மனிதர் வாயை வைக்க முடியுமா? ஆகவே உயிருள்ள வாயில் பிரிசிஷனைச் சோதிப்பது எளிது, ட்ரூனெஸைச் சோதிப்பது கடினம். எச்சில் இல்லாத, அசையாத மாடலில் கிடைத்த எண்ணை அப்படியே வாய்க்கும் பொருத்திவிடக் கூடாது.

ஒரு பல்லா, முழு வாயா?

இனி டாக்டரம்மா சொன்ன பதிலுக்கு வருவோம்.

15 செ.மீ. ஸ்கேல் ஒன்றை வைத்து 10 மீட்டர் நீள வகுப்பறையை அளக்கச் சொன்னால் என்ன செய்வோம்? வைத்து, கோடு போட்டு, நகர்த்தி, மறுபடி வைத்து, இப்படிச் சுமார் 67 தடவை வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை மி.மீ. தவறு, அதுவும் ஒரே பக்கமாகப் போனால் மொத்தப் பிழை 33 மி.மீ. இப்படியும் அப்படியுமாகத் தவறினால் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சுமார் 4 மி.மீ. வரும். ஸ்கேலில் குறை ஒன்றும் இல்லை. வைத்து எடுத்த இணைப்புகளில்தான் பிழை சேர்ந்தது.

நம்ம ஊர் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. ஒவ்வொரு துண்டிலும் பல் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேருமிடத்திலும் பல் இடைவெளி மாறக்கூடாது. ஸ்கேனரின் தையலும் இப்படித்தான்.

ஒரு பல், அல்லது பக்கத்துப் பக்கத்துப் பற்கள் இரண்டு மூன்று என்றால் தையல் குறைவு. அங்கே நல்ல ஸ்கேனர், அச்சு முறைக்குச் சமமாகவோ சில நேரம் மேலாகவோ நிற்கிறது. அச்சு சுருங்குவது, ஜிப்சம் விரிவது எல்லாம் இதில் இல்லையே! முழுத் தாடை என்று வந்துவிட்டால் ஒரு கடைவாயில் தொடங்கிய படம் மறு கடைவாய் சேருவதற்குள் பிழை சேர்ந்துவிடுகிறது.

சூரிச்சில் எண்டர், மெல் என்ற இருவர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இது எண்ணாகவே தெரிகிறது. முழுத் தாடை மாடலில் அச்சு முறையின் ட்ரூனெஸ் பிழை சுமார் 20 மைக்ரான். அன்றைய செரெக் ஸ்கேனருக்குச் சுமார் 59 மைக்ரான். பிரிசிஷனிலும் அச்சுக்குச் சுமார் 12.5, ஸ்கேனருக்குச் சுமார் 32. அதற்குப் பின் கருவிகளும் மென்பொருளும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் தூரம் கூடினால் பிழை கூடும் என்ற விதி மாறவில்லை.

எலும்பில் பதிக்கும் இம்ப்ளாண்ட்டில் இது பெரிய விஷயம். இயற்கைப் பல் எலும்பில் மெல்லிய நாரில் தொங்குகிறது. சில பத்து மைக்ரான் அசைந்து கொடுக்கும். இம்ப்ளாண்ட் கான்கிரீட்டில் புதைத்த போல்ட் மாதிரி, அசைவு மிக மிகக் குறைவு. தாடை நீளத்துக்குப் பல இம்ப்ளாண்ட்டுகளை ஒரே சட்டத்தில் இணைக்கும்போது அளவு தவறினால், ஸ்க்ரூவை முறுக்க முறுக்க எல்லாவற்றிலும் ஸ்ட்ரெஸ் ஏறும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்த நமக்கு அப்புறம் என்ன ஆகும் என்று தெரியும்.

கருவி பாதி, கை பாதி

ஒரே ஸ்கேனர் இரண்டு பேர் கையில் இரண்டு விதமாக அளக்கும். காரணங்கள் சில:

1. ஒளி எதைப் பார்க்கிறதோ அதைத்தான் அளக்கும். பல்லைத் தேய்த்த விளிம்பு ஈறுக்கு அடியில் மறைந்திருந்தால் தெரியாது. அதற்கு நூல் வைத்து ஈறை ஒதுக்க வேண்டும்.

2. எச்சிலும் ரத்தமும் இருந்தால் அவற்றின் மேற்பரப்பையே பல் என்று நினைத்துக்கொள்ளும். முன்பே போட்ட உலோகக் கேப்பின் பளபளப்பும் ஏமாற்றும்.

3. பல்லே இல்லாத வழவழப்பான ஈறில் மேடு பள்ள அடையாளம் குறைவு. தைக்கப் பிடிமானம் கிடைக்காது. பல் எல்லாம் விழுந்த பாட்டிமார்களின் கீழ்த்தாடை ஸ்கேனருக்குச் சோதனைதான்.

4. ஸ்கேனரை எந்த வழியில் நகர்த்த வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டினால் தையல் கோணும்.

5. வாயை அகலத் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பே சற்று வளைந்து குறுகும். அளக்கும் பொருளே அசைந்தால் கருவி என்ன செய்யும்?

6. கேலிப்ரேஷன். கோவையில் சீமா சங்கம் உருவாக்கிய சிட்டார்க் போன்ற மையங்களுக்குப் பட்டறைக்காரர்கள் தம் கருவிகளைச் சரிபார்க்க அனுப்புகிறார்கள். ஸ்கேனரும் அளவுக்கருவிதானே? அதற்கும் அவ்வப்போது கேலிப்ரேஷன் வேண்டும்.

ஸ்கேனுக்குப் பின்னும் பயணம் இருக்கிறது. படத்தில் கேப்பை டிசைன் செய்து மெஷினில் கடைகிறார்கள். சிர்கோனியாவைச் சாக்குக்கட்டி போல மெதுவான நிலையில் கடைந்து, பிறகு சுமார் 1500 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். அப்போது அது 20 முதல் 25 சதவீதம் வரை சுருங்கும். ஆகவே அந்த அளவு பெரிதாகவே கடைய வேண்டும். பார்த்தீர்களா, பேட்டர்ன் அலவன்ஸ் மறுபடி வந்துவிட்டது! ஸ்கேன் எவ்வளவு சரியாக இருந்தாலும் கட்டர் தேய்ந்திருந்தால் கேப் பொருந்தாது.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, கேட், கேம், சி.என்.சி., மெட்ராலஜி, மெட்டலர்ஜி என்று தனித்தனித் தாளாக நாம் எழுதும் பாடங்கள் அத்தனையும் ஒரு பல்லில் ஒன்று சேருகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்பக்கம், கேரளத்தின் மூவாற்றுப்புழாவில் 1988-ல் தொடங்கிய டென்ட்கேர் பல் ஆய்வகம் இன்று இத்துறையில் பெரிய பெயர். ஒரு சிற்றூரிலிருந்து அது முடிந்திருக்கிறது. பவுண்டரியும் பட்டறையும் நிறைந்த நம் கொங்கு நாட்டுக்கு இது எட்டாத வேலையா? டென்டல் மெக்கானிக் என்ற தொழிலுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் தரப்பட்டது. அதற்குத் தனிப் படிப்பு வேண்டும். அதைச் செய்யும் மெஷினை ஓட்டவும் பராமரிக்கவும் நம்மைப் போன்றவர்கள் வேண்டும்.

வேலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்மில் பலருடைய அப்பா அம்மாவுக்குப் பல் என்பது வலி தாங்க முடியாதபோது பிடுங்கிப் போடும் பொருள்தான். கடன் வாங்கிக் கேப் போடும் ஒருவருக்கு அந்த 120 மைக்ரான் ஆராய்ச்சி எண் அல்ல. பல நாள் கூலி. "டிஜிட்டல்" என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டிவிடாமல் மூன்று கேள்வி கேட்போம். எத்தனை பல்லுக்கு இந்த ஸ்கேன்? விளிம்பு முழுதும் படத்தில் தெரிகிறதா? கேப்பை ஒட்டும் முன் வாயில் வைத்துப் பொருத்தம் பார்ப்பீர்களா? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். திரையைத் திருப்பியே காட்டுவார்.

லேபில் ரீடிங் எடுக்கும்போது "சும்மா பக்கத்து பேட்ச்காரன் ரெக்கார்டைப் பார்த்து எழுதிக்கலாம்டா" என்று தோன்றினால், நாளை நாம் எடுக்கும் ரீடிங் யாரோ ஒருவர் வாயில் போய் உட்காரும் என்பதை நினைத்துக்கொள்வோம்.